உள்ளங்கால் கூச வைக்கும் படம்: எஷரின் ‘காஸ்த்ரோவால்வா’ – நிகழ்வு ஆய்வு

டச்சு அச்சுக் கலைஞர் எஷர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை, ஏறிக்கொண்டே இருந்தும் மேலே போய்ச் சேராத படிக்கட்டு, சுற்றிச் சுற்றித் தன் தலைமேலேயே வந்து விழும் அருவி, ஒன்றையொன்று வரைந்துகொள்ளும் இரண்டு கைகள். அந்த எஷரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1930 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட ஒரு கல்லச்சுப் படம் (லித்தோகிராஃப்). பெயர் ‘காஸ்த்ரோவால்வா’. உயரம் ஏறக்குறைய 53 செ.மீ., அகலம் 42 செ.மீ. கறுப்பு, வெள்ளை, இடையில் சாம்பலின் பல படிகள். வேறு நிறம் கிடையாது. மலை விளிம்பில் ஓர் ஊர், கீழே பள்ளத்தாக்கு, மேலே மேகம். இயற்கையை மீறிய எதுவும் இதில் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் உள்ளங்கால் கூசுகிறது.

இந்தக் கூச்சம் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. பாறை செங்குத்தாக இருக்கிறது, அதனால் வருகிறது என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் செங்குத்துப் பாறையை வரைந்த ஓவியங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கின்றன. பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. பார்க்கிறவரைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது என்பதை எஷர் முடிவு செய்த விதத்தில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி. அதை நிறுவ ஊரையும், ஆளையும், கல்லையும், கடைசியில் படத்தையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

ஊர்

காஸ்த்ரோவால்வா கற்பனை ஊர் அல்ல. நடு இத்தாலியின் அப்ருத்ஸோ பகுதியில், லாக்விலா மாகாணத்தில் இன்றும் இருக்கிறது. அன்வெர்ஸா தெலி அப்ருத்ஸி என்ற சிற்றூரின் ஆட்சிக்குள் அடங்கிய குக்கிராமம். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குச் சற்று மேலே, கத்தி முனை போன்ற ஒரு மலைமுகட்டின்மேல் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகடு குறுகல் என்பதால் ஊர் அகலமாக வளர வழியே இல்லை, நீளவாக்கில்தான் வளர்ந்திருக்கிறது. தாய் ஊரான அன்வெர்ஸா ஏறத்தாழ 200 மீட்டர் கீழே. இரண்டுக்கும் அருகே சாஜித்தாரியோ ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து ஆழமான பிளவுகளை உண்டாக்கிக்கொண்டு ஓடுகிறது.

இத்தாலியில் இப்படி மலையுச்சியில் தொற்றிக்கொண்ட ஊர்கள் நிறைய. இடைக்காலத்தில் படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் பயந்து மக்கள் மேலே ஏறினார்கள். பல தாழ்வெளிகளில் சதுப்பும் மலேரியாவும் இருந்தது இன்னொரு காரணம். விளைநிலம் கீழே, வீடு மேலே. உழவன் ஒவ்வொரு நாளும் இறங்கி ஏற வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் படத்தில் மனிதர் யாரும் கண்ணில் நிற்பதில்லை. ஆனால் கீழே பகுக்கப்பட்ட வயல்கள் தெரிகின்றன, இறங்கும் பாதை தெரிகிறது. அந்த ஊருக்கும் அந்த வயலுக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்க யாருடைய முழங்காலோ கடந்த தூரம்தான்.

ஆள்

மௌரிட்ஸ் கோர்னெலிஸ் எஷர் 1898 ஜூன் 17-இல் நெதர்லாந்தின் லேவார்டனில் பிறந்தவர். ஹார்லம் நகரில் கட்டடக் கலை படிக்கப் போய், அங்கே சாமுவேல் யெசுருன் தெ மெஸ்கித்தா என்ற ஆசிரியரிடம் மரச்செதுக்கு அச்சைக் கற்றுக்கொண்டு, கட்டடக் கலையை விட்டுவிட்டார். 1922-இல் இத்தாலிக்குப் போனவர் 1924-இல் மணம் முடித்து ரோமில் குடியேறி, 1935 வரை அங்கேயே இருந்தார்.

பிறந்த நாடோ தட்டை. கடல் மட்டத்துக்கும் கீழே நிலம் கிடக்கும் நாடு. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒருவருக்கு இத்தாலியின் மேடுபள்ளம் என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரோமில் இருந்த காலத்தில் வசந்தம் வந்தால் அவர் வீட்டில் தங்கவில்லை. முதுகில் பை, கையில் வரைதாள். அப்ருத்ஸோ, கலாப்ரியா, சிசிலி, அமால்ஃபி கடற்கரை, கோர்சிகா என்று நடந்தும் கழுதைமேலும் அலைந்தார். குளிர்காலத்தில் ரோமுக்குத் திரும்பி, கொண்டுவந்த கோட்டோவியங்களை அச்சுப் படங்களாக்கினார். ‘காஸ்த்ரோவால்வா’வும் இந்த முறையில்தான் பிறந்தது: 1929 வசந்தத்தில் பார்த்தது, 1930 பிப்ரவரியில் அச்சேறியது.

அந்த மலைப்பாதையில் ஏறக்குறைய நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்ததாகவும், தலைக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் பாடும் குரல் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் பிற்காலத்தில் எஷர் சொல்லியிருக்கிறார். இது இனிமையான பக்கம். அப்ருத்ஸோவில் அவருக்கு வேறு பக்கமும் கிடைத்தது. ஒருமுறை தங்கியிருந்த விடுதிக் கதவை விடியற்காலையில் காவலர்கள் வந்து இடித்திருக்கிறார்கள். இந்த அந்நியனின் பார்வையே சரியில்லை என்று ஊர்ப் பெண் ஒருத்தி சந்தேகப்பட்டதுதான் காரணமாம். முசோலினி ஆட்சிக் காலம்; தனியாக மலையில் உட்கார்ந்து எதையோ வெறித்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டான்மேல் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. இவர் வெறித்துக்கொண்டிருந்தது உண்மைதானே.

கல்

எஷர் அதுவரை பெரும்பாலும் மரத்தைச் செதுக்கியவர். மரச்செதுக்கில் ஒன்று மை ஏறும், அல்லது ஏறாது. சாம்பல் என்று தனியாக எதுவும் இல்லை. கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் அந்தத் தோற்றத்தைக் கொண்டுவர வேண்டும். கல்லச்சு அப்படியல்ல. பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் ஸெனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த இந்த முறை, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற எளிய உண்மைமேல் நிற்கிறது. வழவழப்பாக அரைத்த சுண்ணாம்புக் கல்மேல் கொழுப்புக் கலந்த சுண்ணக்கோலால் வரைவார்கள். பிறகு வேலம்பிசினும் சிறிது அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். வரையாத இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். வரைந்த இடம் நீரைத் தள்ளி மையைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம்.

கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சொரசொரப்பு உண்டு. சுண்ணக்கோலை மெதுவாகத் தேய்த்தால் அந்தப் பொருக்குகளின் முனையில் மட்டும் கொழுப்பு ஒட்டும். அழுத்தித் தேய்த்தால் குழிகளும் நிரம்பும். மெல்லிய சாம்பலிலிருந்து கருங்கறுப்பு வரை கையழுத்தத்தை மாற்றிக்கொண்டே போகலாம். வேண்டாத இடத்தைக் கூரான அலகால் சுரண்டி வெளுக்கவும் செய்யலாம். மரத்தில் கறுப்பிலிருந்து வெள்ளையை வெட்டி எடுத்துப் பழகிய எஷருக்கு இந்தச் சுரண்டல் கைவந்த வேலையாக இருந்தது.

அவருடைய முதல் கல்லச்சு 1929 ஜூலையில் வந்தது. அதுவும் அப்ருத்ஸோ ஊர்தான், கொரியானோ சிக்கோலி. ஆக ‘காஸ்த்ரோவால்வா’ வரும்போது இந்தக் கலைக்கு அவர் புதிது, ஓராண்டுகூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரத்தில் இந்த அளவுக்குச் சாம்பலை ஆளக் கற்றுக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் நம்பக் கடினமாகவே இருக்கிறது. போதாக்குறைக்குக் கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வரைய வேண்டும். அப்போதுதான் தாளில் மலை சரியான பக்கம் நிற்கும். உண்மையான ஊரின் திசைகளோடு பொருந்திப் போகிற ஒரு காட்சியை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றி வரைந்திருக்கிறார்.

இன்னொன்று. அந்த மலையும் சுண்ணாம்புப் பாறை, அவர் வரைந்த கல்லும் சுண்ணாம்புக் கல். தற்செயல்தான், இதிலிருந்து எந்த முடிவுக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாறைப் படிவங்களின் சொரசொரப்பு தாளில் இவ்வளவு உண்மையாக வந்திருப்பதைப் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படம்

இப்போது படத்துக்கு வருவோம். முதலில் கீழே.

பாதையோரத்தில் சில பூச்செடிகள், புல், பெரணி இலைகள். கூர்ந்து தேடினால் ஒரு வண்டும் ஒரு நத்தையும் இருக்கின்றன. பெரும்பாலானோர் படத்தைப் பார்த்துவிட்டு நகரும்போது இவற்றைக் கவனிப்பதே இல்லை. கண் நேராகப் பாறைக்கும் பள்ளத்துக்கும் போய்விடுகிறது. ஆனால் இவைதான் அச்சாணி.

ஒரு வண்டை வண்டு என்று அடையாளம் காண வேண்டுமானால் நாம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்? இரண்டு மூன்று அடி. குனிந்தோ குந்தியோ பார்க்கிற தூரம். ஆக, வண்டு தெரிகிறது என்றாலே நாம் அந்தப் பாதையில்தான் இருக்கிறோம், எங்கோ வானத்தில் மிதந்துகொண்டு அல்ல. உயரமான இடத்திலிருந்து வரைந்த பல படங்களில் பார்க்கிறவருக்கு உடம்பே கிடையாது. பறவைபோல அந்தரத்தில் நிற்பார். அந்தரத்தில் நிற்பவனுக்கு விழும் பயம் வராது. எஷர் நமக்கு முதலில் கால்களைக் கொடுக்கிறார். கால் ஊன்ற மண்ணையும் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, அந்த மண் எவ்வளவு குறுகலானது என்று காட்டுகிறார்.

நாம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒடுக்கமான தடம் சரியாக நம் காலடியில் கொண்டை ஊசியாக வலப்பக்கம் திரும்பிக் கீழே இறங்குகிறது. அதாவது பார்வையாளர் நிற்பது ஒரு வளைவில். மலைப்பாதையில் நடந்தவர்களுக்கு வளைவின் வெளி ஓரம் எப்படி இருக்கும் என்று தெரியும்: பாதை நம்மை விட்டுவிட்டுத் தன் வழியே திரும்பிப் போகிறது, எதிரே வெறும் காற்று. நேரான பாதையில் அடுத்த அடி எங்கே என்பதில் குழப்பம் இல்லை. வளைவில் மட்டும்தான் அடுத்த அடி தப்பாகவும் இருக்கலாம். நாள் முழுக்க உட்காரப் பாதை நெடுக எத்தனையோ இடம் இருந்திருக்கும். இந்தத் திருப்பத்தில் உட்கார்ந்தது சும்மா நடந்திருக்காது.

வண்டிலிருந்து கண்ணை எடுத்தால் அடுத்தது என்ன? வழக்கமான நிலக்காட்சி ஓவியத்தில் முன்னிலம், நடுநிலம், பின்னிலம் என்று மூன்று உண்டு. முன்னே மரம், நடுவே ஆறு, பின்னே மலை. கண் படிப்படியாக இறங்கிப் போகும். இந்தப் படத்தின் வலப்பாதியில் அந்த நடுநிலத்தைக் காணோம். புல் நுனி முடிகிற இடத்தில் அடுத்த பொருள் பல நூறு அடி கீழே இருக்கிற வயல். புல்லும் வயலும் தாளில் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண் தாவ வேண்டும். படி வைத்து இறங்க முடியாது. கூச்சம் பிறப்பது இந்தத் தாவலில்தான்.

வயலுக்கு அப்பால் அன்வெர்ஸா, இன்னும் தள்ளிக் கசாலே. இரண்டும் நிஜ ஊர்கள், இரண்டும் சரியான திசையில், வடமேற்கில். தூரம் போகப் போகச் சாம்பல் வெளுக்கிறது. வண்ண ஓவியனாக இருந்தால் தூரத்துக்கு நீலத்தைப் பூசிவிட்டுத் தப்பித்திருப்பான். இங்கே அந்த வசதி இல்லை. வெளுப்பு ஒன்றுதான் ஆயுதம். நிறம் இல்லாததால் இன்னொரு லாபமும் உண்டு. பச்சை வயல், ஓட்டுக் கூரை, நீல வானம் என்றெல்லாம் இருந்தால் கண் அவற்றில் இளைப்பாறும், அழகாக இருக்கிறதே என்று தங்கும். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு பொருளும் சொல்வது, நான் எவ்வளவு பக்கம், எவ்வளவு தூரம் என்பதை மட்டும்தான்.

இத்தனைக்கும் பிறகு ஊருக்கு வருகிறோம். தலைப்பே ஊரின் பெயர்; ஆனால் தாளில் அது பிடிக்கும் இடம் கொஞ்சம். பாறையின் உச்சியில் சின்னச் சின்னக் கட்டடங்கள், பாறையின் தொடர்ச்சிபோலவே. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஊரின் அழகைக் காட்டுவது எஷரின் நோக்கமாக இருந்திருந்தால் வேறு இடத்திலிருந்து வரைந்திருப்பார். அவருக்கு வேண்டியது ஊர் நிற்கும் நிலை. நாம் அண்ணாந்து பார்க்கும் அந்த வீடுகளிலிருந்து பார்த்தால் பள்ளம் இன்னும் ஆழம். நமக்கே இப்படி என்றால் அங்கே தூங்கி எழுகிறவர்களுக்கு எப்படி என்ற எண்ணம் தானாக வருகிறது.

ஆக ஒரே தாளில் மூன்று பார்வைகள்: குனிந்து பார்க்கும் வண்டு, எட்டிப் பார்க்கும் பள்ளம், அண்ணாந்து பார்க்கும் ஊர். தலையை அசைக்காமல் இந்த மூன்றையும் யாராலும் தெளிவாகப் பார்க்க முடியாது. ஒரு புகைப்படக் கருவியை அந்த வளைவில் வைத்தால் ஒன்று வண்டு கிடைக்கும், அல்லது மலை கிடைக்கும். அகல வில்லை போட்டு இரண்டையும் பிடித்தால் மலை சுருங்கிப்போகும். எஷர் ஒவ்வொன்றையும் தனித்தனியே உற்றுப் பார்த்து, தையல் தெரியாமல் ஒட்டியிருக்கிறார். இந்த நிலையில் பார்த்தால், ‘இயற்கையை மீறிய எதுவும் இல்லை’ என்று தொடக்கத்தில் சொன்னதைச் சற்றுத் திருத்த வேண்டும். பொருள்களில் மீறல் இல்லை. பார்வையில் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். மேகங்கள் எனக்கு ஒட்டவில்லை. பாறைக்கும் செடிக்கும் காட்டிய துல்லியம் வானத்தில் இல்லை. கொஞ்சம் நாடக மேடைத் திரைபோல் திரண்டு நிற்கின்றன. மலை ஏற்கெனவே மிரட்டுகிறது. வானமும் சேர்ந்து மிரட்ட வேண்டிய தேவை என்ன? மேலே மூடி போட்டதுபோல் இருப்பதால் கண் கீழே தள்ளப்படுகிறது என்று சிலர் வாதிடலாம். இருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

என் கட்சி சரியா என்று பார்க்க, அதே கையிலிருந்து வந்த வேறு படங்களோடு ஒப்பிடலாம். 1928-இல் எஷர் கோர்சிகாவின் பொனிஃபாசியோவை மரச்செதுக்கில் வரைந்தார். அதுவும் சுண்ணாம்புப் பாறை விளிம்பில் தொங்கும் ஊர், கீழே கடல். உயரம் என்று பார்த்தால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்து வியக்கிறோம், பயப்படுவதில்லை. காலடியில் மண் கொடுக்கவில்லை, அதனால்தான். அதே 1928-இல் செதுக்கிய ‘பாபேல் கோபுர’த்தில் நேர் உச்சியிலிருந்து கீழே பார்க்கிறோம், வடிவம் மிகத் துணிச்சலானது, ஆனாலும் நாம் அங்கே நிற்பதாகத் தோன்றுவதில்லை. 1930-இல் வந்த, மொரானோ என்ற ஊரைக் காட்டும் மரச்செதுக்கில் குன்று முழுக்க வீடுகள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. தள்ளி நின்று ரசிக்கும் படம். செங்குத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. வண்டு ‘காஸ்த்ரோவால்வா’வில் மட்டும்.

பிறகு என்ன ஆனது

1931-இல் எஷர் அமால்ஃபி கடற்கரையின் அத்ரானியை வரைந்தார். அந்தப் படம் பெரும் பயணம் போயிற்று: 1937-இன் ‘உருமாற்றம்’ வரிசையில் அத்ரானியின் வீடுகள் கனசதுரங்களாகி, கனசதுரங்கள் வேறு வடிவங்களாகி, கடைசியில் பொம்மை மனிதனாகின. 1939–40-இல் செய்த நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீள்படத்தில் அத்ரானி மறுபடி வந்து சதுரங்கப் பலகையில் போய்ச் சேர்கிறது. ‘காஸ்த்ரோவால்வா’வுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. வரவும் முடியாது. அத்ரானி பெட்டிகளின் ஊர். கழற்றி வேறாக அடுக்கலாம். காஸ்த்ரோவால்வாவிலிருந்து எதைக் கழற்றுவது? ஊரை எடுத்தால் மலை போகும், மலையை எடுத்தால் பள்ளம் போகும்.

1935-இல் பாசிச இத்தாலியின் சூழல் பிடிக்காமல் குடும்பத்தோடு வெளியேறினார். பள்ளிக்கூடத்தில் மகனுக்குப் பாசிசச் சீருடை மாட்டியது கடைசித் துரும்பு. சுவிட்சர்லாந்து, பிறகு பெல்ஜியம், 1941-இல் நெதர்லாந்தின் பார்ன். அங்கேயெல்லாம் புற உலகின் காட்சிகள் தன்னைத் தூண்டவில்லை என்றும், மனத்துக்குள் எழுந்த வடிவங்களின் பக்கம் திரும்பியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஆய்வாளர்கள் இதை வைத்து அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டுவது வழக்கம்: 1937-க்கு முன் நிலக்காட்சி, பின் விந்தை உலகம். எனக்கு அந்த வெட்டு அவ்வளவு சுத்தமாகத் தெரியவில்லை.

1934-இல் வந்த ‘கண்ணாடியுடன் அசையாப் பொருள்கள்’ படத்தில் ஒப்பனை மேசைக் கண்ணாடிக்குள் ஒரு தெரு தெரிகிறது; அது வில்லாலாகோ, காஸ்த்ரோவால்வா இருக்கும் அதே சாஜித்தாரியோ பள்ளத்தாக்கின் ஊர். 1947-இன் ‘மேலும் கீழும்’ படத்தில் ஒரே முற்றத்தைக் கீழிருந்தும் மேலிருந்தும் ஒரே தாளில் காட்டினார். நேர்கோடுகளை வளைத்து, அண்ணாந்த பார்வையையும் குனிந்த பார்வையையும் ஒட்டினார். 1930-இல் தையல் தெரியாமல் செய்ததை இங்கே தையல் தெரியச் செய்திருக்கிறார், அவ்வளவுதான். 1958-இல் ‘பெல்வெதேரே’ வந்தது. தூண்கள் முன்னும் பின்னுமாகப் பின்னிக்கொண்டு, ஏணி உள்ளே தொடங்கி வெளியே முடியும், கட்டவே முடியாத மாடம் அது. அதற்குப் பின்னணியில் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதுவும் அப்ருத்ஸோவின் மலைதான். மாடத்தை நம்ப முடியாது. மலையை முழுக்க நம்பலாம். பின்னால் நிற்கும் அந்த மலையில் ஒரு கல் பொய்யாக இருந்திருந்தாலும் முன்னால் நிற்கும் மாடத்தை வெறும் கிறுக்கல் என்று தள்ளிவிட்டுப் போயிருப்போம்.